டாட் காமுக்கு அப்பால்: புதிய நீட்டிப்பில் பெயர் வாங்குவதும் காப்பதும்

கடைக்கோ பதிப்பகத்துக்கோ அறக்கட்டளைக்கோ இணையப் பெயர் தேட உட்கார்ந்தால், நீங்கள் விரும்பும் டாட் காம் பெரும்பாலும் யார் கையிலாவது இருக்கும். அதே திரையில் டாட் ஷாப், டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன் என்று ஒரு வரிசை நின்று, சலுகை விலையில் வாங்கிக்கொள்ளச் சொல்லும். வாங்கலாம், தவறில்லை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: டொமைன் பெயரை யாரும் கிரயம் செய்து வாங்குவதில்லை, ஆண்டுக்கணக்கில் குத்தகைக்குத்தான் எடுக்கிறோம். குத்தகை விடுபவர் யார், அடுத்த ஆண்டு எவ்வளவு கேட்பார், தகராறு வந்தால் எங்கே முறையிடலாம் என்பதெல்லாம் நீட்டிப்புக்கு நீட்டிப்பு மாறும். பணம் கட்டுவதற்கு முன்பே இவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவு பின்னணி போதும்

நீட்டிப்புகளை ஒதுக்கித் தருவது ஐகான். 1998இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கிய லாபநோக்கற்ற அமைப்பு அது. ஒரு நீட்டிப்பை முழுதாக நடத்தும் நிறுவனத்துக்கு ரிஜிஸ்ட்ரி என்று பெயர். அதிலிருந்து ஒரு பெயரை எடுத்து உங்களுக்கு விற்பவர் ரிஜிஸ்ட்ரார். நீங்கள் பணம் கட்டுவது ரிஜிஸ்ட்ராரிடம். விலையையும் விதியையும் பெருமளவு தீர்மானிப்பது ரிஜிஸ்ட்ரி.

2012இல் ஐகான் விண்ணப்பம் கோரியபோது கட்டணம் 1,85,000 டாலர். அப்படியும் 1,930 விண்ணப்பங்கள் வந்தன. 2013 அக்டோபரில் முதலில் இணையத்தில் சேர்ந்த நான்கும் அரபு, சிரிலிக், சீன எழுத்துகளில் அமைந்தவை. அதன்பின் 1,200க்கும் மேற்பட்ட புதிய நீட்டிப்புகள் வந்துவிட்டன. நாம் திரையில் பார்க்கும் நீண்ட வரிசைக்கு இதுதான் காரணம்.

படி 1: நீட்டிப்பின் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள்

1. ஐகானைச் சேர்ந்த ஐயானா அமைப்பின் தளத்துக்குப் போய் 'ரூட் ஸோன் டேட்டாபேஸ்' பக்கத்தைத் திறவுங்கள். உலகிலுள்ள எல்லா நீட்டிப்புகளும் அகரவரிசையில் இருக்கும்.
2. நீங்கள் நினைத்திருக்கும் நீட்டிப்புக்கு எதிரே உள்ள வகையைப் படியுங்கள். 'கன்ட்ரி கோட்' என்றிருந்தால் அது ஒரு நாட்டுக்கோ ஆட்சிப்பகுதிக்கோ உரியது. 'ஜெனரிக்' என்றிருந்தால் ஐகானோடு ஒப்பந்தம் செய்த நிறுவனத்துடையது.
3. பெயரைச் சொடுக்கினால் நடத்தும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் வரும். அந்த நிறுவனத்தின் விதிமுறைப் பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள்.

இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துள்ள நீட்டிப்பு எதுவானாலும் அது நாட்டுக் குறியீடுதான். டாட் ஏஐ கரீபியத் தீவான அங்குவிலாவுடையது. டாட் டிவி துவாலு நாட்டுடையது. டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதிக்கு ஒதுக்கியது; சாகோஸ் தீவுகளான அந்தப் பகுதியின் ஆட்சியுரிமையை மொரிஷியஸுக்கு மாற்ற 2025இல் ஒப்பந்தம் கையெழுத்தானதும், டாட் ஐஓ என்ன ஆகும் என்று மென்பொருள் நிறுவனங்கள் கவலைப்பட்டன. நாட்டுக் குறியீடுகளின் விதியை அந்தந்த இடத்து அமைப்பே வகுக்கிறது. ஐகானின் வாடிக்கையாளர் பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை அங்கே செல்லாது.

இதன் விலையை ஐரோப்பாவில் பலர் கொடுத்தார்கள். டாட் ஈயூ வைத்திருந்த பிரிட்டன்காரர்கள், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் தகுதி இழந்தார்கள். வேறு தகுதி காட்ட முடியாதவர்களின் பெயர்கள் 2021 தொடக்கத்தில் முடக்கப்பட்டன. அவர்கள் கட்டணம் பாக்கி வைக்கவில்லை, விதியும் மீறவில்லை. பெயருக்கு அடியிலிருந்த அரசியல் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இலவச நீட்டிப்புகளின் கதையும் இப்படித்தான் முடிந்தது. டாட் டிகே, டாட் எம்எல், டாட் ஜிஏ போன்றவற்றை ஃப்ரீனாம் நிறுவனம் பல ஆண்டுகள் இலவசமாகக் கொடுத்துவந்தது. மோசடிப் பேர்வழிகள் அங்கே குவிந்தார்கள். 2023இல் மெட்டா நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு புதிய பதிவுகள் நின்றன. நேர்மையாகப் பயன்படுத்தியவர்களும் சேர்ந்தே தவித்தார்கள்.

குறிப்பு: உங்கள் தொழில் ஒரு நாட்டை நம்பித்தான் நடக்கிறது என்றால் அந்த நாட்டின் குறியீடே நல்ல தேர்வு. இந்தியாவில் டாட் இன் நீட்டிப்பை நிக்ஸி நடத்துகிறது. பதிவு செய்பவரின் விவரத்தை மறைக்கும் சேவைக்கு அங்கே அனுமதி இல்லை. முறையீடு செய்ய உள்நாட்டு வழி உண்டு.

படி 2: ஐந்தாண்டுச் செலவைக் கணக்கிடுங்கள்

இங்கேதான் கை அதிகம் சுடும். நிதானமாகச் செய்யுங்கள்.

1. பெயரைக் கூடையில் போட்டதும் முதல் ஆண்டு விலையைத் தாண்டிப் பாருங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ரினீவல் விலை இருக்கும். இல்லையென்றால் ரிஜிஸ்ட்ராரின் விலைப்பட்டியல் பக்கத்தைத் தேடி எடுங்கள்.
2. முதல் ஆண்டு விலையோடு நான்கு ஆண்டு ரினீவலைக் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, முதல் ஆண்டு 99 ரூபாய், ரினீவல் 3,000 ரூபாய் என்றால் ஐந்தாண்டுக்கு 12,099 ரூபாய். மேலே ஜிஎஸ்டி. முதல் ஆண்டு 900, ரினீவல் 1,200 என்றிருக்கும் வேறொரு நீட்டிப்பு 5,700 ரூபாயில் முடியும்.
3. பெயருக்குப் பக்கத்தில் 'பிரீமியம்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல சொற்களை ரிஜிஸ்ட்ரிகள் ஒதுக்கிவைத்துக் கூடுதல் விலைக்கு விற்கும். சில பிரீமியம் பெயர்களுக்கு முதல் ஆண்டு மட்டும் கூடுதல். சிலவற்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே கூடுதல் விலை. எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.
4. தானாகவே 'டிக்' விழுந்திருக்கும் கூடுதல் சேவைகளை எடுத்துவிடுங்கள். தள வடிவமைப்பு, மின்னஞ்சல், 'பாதுகாப்புப் பொதி' எதுவும் பெயர்ப் பதிவுக்குக் கட்டாயமில்லை.

பிரீமியம் பெயருக்கு ஏன் இவ்வளவு கவனம்? புதிய நீட்டிப்புகளுக்கான ஐகான் ஒப்பந்தம் ரினீவல் விலை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. நன்றாகப் பிடித்த பெயருக்கு மட்டும் பின்னால் விலை ஏற்றிப் பிடுங்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி இது. ஆனால் பதிவின்போதே கூடுதல் ரினீவல் விலைக்குச் சம்மதித்தவருக்கு அந்தக் காப்பு கிடைக்காது. கூடையில் நீங்கள் அவசரமாகக் கடந்துபோகும் அந்தச் சம்மதப் பெட்டி இதற்காகவே இருக்கிறது.

விலை ஒன்றாக இருக்க வேண்டுமே தவிர, உச்சவரம்பு கிடையாது. 2017இல் யூனிரிஜிஸ்ட்ரி தன் நீட்டிப்புகள் சிலவற்றின் விலையைப் பல மடங்கு உயர்த்தப்போவதாக அறிவித்தது. நீட்டிப்பை ஒரு தனியார் நிறுவனம் நடத்தும்வரை இப்படி நடக்கலாம் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

தப்பிக்க ஒரு வழி அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. ரினீவல் விலையை உயர்த்தும் ரிஜிஸ்ட்ரி, ரிஜிஸ்ட்ராருக்கு 180 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். அதற்குள் பழைய விலையிலேயே நீட்டித்துக்கொள்ளும் வாய்ப்பும் தர வேண்டும். ஒரு பெயரை அதிகபட்சம் 10 ஆண்டுவரை நீட்டித்து வைத்துக்கொள்ளலாம். 'விலை மாற்றம்' என்று தலைப்பிட்ட மின்னஞ்சலை விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள்.

படி 3: பெயரின் பழைய வாழ்க்கையை விசாரியுங்கள்

காலியாகக் கிடைக்கும் பெயர் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திக் கைவிட்டதாக இருக்கலாம்.

1. வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்துப் பழைய பக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சூதாட்டம், போலி மருந்து என்று ஏதாவது தெரிந்தால் விட்டுவிடுங்கள்.
2. ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் அதே முகவரியைத் தேடுங்கள். கறுப்புப் பட்டியலில் இருந்தால் உங்கள் மின்னஞ்சல்கள் வாடிக்கையாளரின் குப்பைப் பெட்டிக்கே போகும்.
3. இந்திய வணிகச் சின்னப் பதிவகத்தின் பொதுத் தேடலில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2004இலேயே தீர்ப்பளித்துவிட்டது. புதிய நீட்டிப்பு என்பதால் பழைய சின்னத்தின் உரிமை கரைந்துவிடாது.

நீட்டிப்பில் தொழிலின் பெயர் இருந்தால் கூகுள் தேடலில் முன்னால் வருமா என்று கேட்பார்கள். வராது. புதிய நீட்டிப்புகளைப் பழையவற்றைப் போலவேதான் நடத்துகிறோம் என்று கூகுள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

படி 4: உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள்

நம் ஊர்களில் மிகவும் பரவலான தவறு, தளம் செய்துகொடுப்பவரிடமே பெயரையும் வாங்கித்தரச் சொல்வது. அவர் தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் பதிவு செய்துவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. மூன்று ஆண்டு கழித்து அவர் வேறு வேலைக்குப் போனபின், பெயரின் சட்டப்படியான பதிவுதாரர் அவர்தான் என்பது தெரியவரும்.

1. ரிஜிஸ்ட்ரார் கணக்கை உங்கள் கைப்பேசி எண்ணிலும் மின்னஞ்சலிலும் நீங்களே தொடங்குங்கள். தளம் செய்பவருக்கு, பெயரைத் தளத்தோடு இணைக்கும் டிஎன்எஸ் அமைப்பை மாற்றும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.
2. தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். எச்சரிக்கைக் கடிதமும் கடவுச்சொல் மீட்கும் கடிதமும் வந்து சேராது.
3. பதிவானதும் வரும் சரிபார்ப்பு மின்னஞ்சலை உடனே திறந்து உறுதி செய்யுங்கள். ஜெனரிக் நீட்டிப்புகளில் 15 நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் பெயர் முடக்கப்படும்.
4. இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். டிரான்ஸ்ஃபர் பூட்டையும் போடுங்கள்.

எல்லாம் சரியாக விழுந்ததா என்று பார்க்க, ஐகானின் 'லுக்அப்' பக்கத்தில் உங்கள் பெயரைத் தேடுங்கள். பழைய ஹூஇஸ் முறைக்குப் பதில் இப்போது ஆர்டாப் முறையில் விவரம் வரும். மூன்று வரிகளை நிறுத்திப் படியுங்கள். 'ரிஜிஸ்ட்ரி எக்ஸ்பிரேஷன்' வரியிலுள்ள தேதி நீங்கள் கட்டிய ஆண்டுகளுக்குப் பொருந்த வேண்டும். 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்' என்ற நிலை இருந்தால் பூட்டு விழுந்திருக்கிறது. 'கிளையன்ட் ஹோல்ட்' என்று இருந்தால் பெயர் முடங்கிக் கிடக்கிறது. தளம் யாருக்கும் திறக்காது, உடனே ரிஜிஸ்ட்ராரை அழையுங்கள்.

படி 5: அச்சடிப்பதற்கு முன் சோதியுங்கள்

நீட்டிப்பு என்றால் இரண்டு மூன்று எழுத்து என்று எண்ணி எழுதிய பழைய நிரல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. டாட் போட்டோகிராஃபி போன்ற 11 எழுத்து நீட்டிப்பில் மின்னஞ்சல் வைத்துக்கொண்டு சில அலுவலகப் படிவங்களில் இட்டால் 'தவறான முகவரி' என்று திருப்பும். பெயர்ப்பலகை, விசிட்டிங் கார்டு அடிக்கும் முன் இதைச் செய்யுங்கள்:

1. புதிய முகவரியிலிருந்து ஜிமெயில், அவுட்லுக், ஓர் அலுவலக மின்னஞ்சல் மூன்றுக்கும் கடிதம் அனுப்பி, பதிலும் வாங்கிப் பாருங்கள்.
2. நீங்கள் அடிக்கடி நிரப்பும் வங்கி, வரி, கூரியர் படிவங்களில் இட்டுப் பாருங்கள்.
3. வாட்ஸ்அப்பில் முகவரியைத் தட்டச்சு செய்து, சுட்டியாக மாறுகிறதா என்று பாருங்கள்.
4. போனில் ஒருவரிடம் முகவரியைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அவர் கடைசியில் டாட் காம் சேர்த்தால், உங்கள் வாடிக்கையாளரும் சேர்ப்பார்.

தமிழிலேயே முழு முகவரி வேண்டும் என்றால் டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் மூன்றும் தமிழ் எழுத்தில் உள்ள நாட்டு நீட்டிப்புகள். தமிழில் எழுதிய முகவரி நம் மொழியில் வாசிப்பவருக்கு உரிய மரியாதை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். கூடவே ஆங்கில எழுத்தில் ஒன்றையும் வைத்து, இரண்டையும் ஒரே தளத்துக்கு இணையுங்கள். சில செயலிகள் தமிழ் முகவரியை 'எக்ஸ்என்' என்று தொடங்கும் புரியாத எழுத்துக்கோவையாகக் காட்டும். அது பிழையல்ல, கணினி உள்ளே சேமித்திருக்கும் வடிவம். வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தால் மிரள மாட்டார்.

டாட் ஆப், டாட் டெவ் இரண்டும் எச்டிடிபிஎஸ் இல்லாமல் பிரவுசரில் திறக்கவே திறக்காது. சான்றிதழை முதலில் போட்டுவிடுங்கள்.

படி 6: பழைய பெயரிலிருந்து மாறும்போது

1. பழைய தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் புதிய தளத்தின் அதே பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திசைமாற்றத்தால் அனுப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே அனுப்பினால் தேடலில் சேர்த்த பெயர் வீணாகும்.
2. வங்கி, வரி, சமூக ஊடகக் கணக்குகள் எல்லாவற்றிலும் மின்னஞ்சலை மாற்றுங்கள்.
3. பழைய பெயரை விட்டுவிடாதீர்கள், ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். நீங்கள் விட்ட பெயரை வேறொருவர் எடுத்தால், அந்த முகவரிக்கு வரும் கடவுச்சொல் மீட்புக் கடிதங்கள் அவர் கைக்குப் போகும்.

காலாவதி தேதி கடந்துவிட்டால் பதறாமல், ஆனால் அன்றே செயல்படுங்கள். ஜெனரிக் நீட்டிப்புகளில் ரிஜிஸ்ட்ரார் பெயரை நீக்கியபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கட்டணம் மட்டும் கடுமையாக இருக்கும். அதன்பின் 5 நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். தானியங்கி ரினீவலை நம்பியிருப்பவர்கள், கார்டு காலாவதியாகும் மாதத்தையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

பாதுகாப்பு: முகவரியை வலமிருந்து வாசியுங்கள்

நீட்டிப்புகள் பெருகியதில் மோசடிக்காரர்களுக்கும் இடம் பெருகிவிட்டது. 2023 மே மாதம் கூகுள் டாட் ஜிப் நீட்டிப்பைப் பொதுவுக்குத் திறந்தபோது, கோப்பின் பெயரும் தள முகவரியும் ஒன்றுபோலத் தெரியும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் எச்சரித்தார்கள். உங்கள் ஊழியர்களுக்கு இதைக் கற்றுக்கொடுங்கள்: எச்டிடிபிஎஸ்ஸை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்குப்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நின்று இடப்பக்கமாக வாசிக்க வேண்டும். அந்தக் கோட்டை ஒட்டியிருப்பதே உண்மையான நீட்டிப்பு. முகவரியின் நடுவில் வங்கியின் பெயர் எத்தனை முறை வந்தாலும் பொருட்டில்லை.

ஆட்சிமுறை சரியாக அமைந்தால் நீட்டிப்பே காவலாகும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025இல் எல்லா வங்கிகளையும் அக்டோபர் 31க்குள் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறச் சொன்னது. அந்தப் பெயரைப் பதிவு செய்து தருவது ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி ஒன்றே. வங்கி அல்லாத யாருக்கும் கிடைக்காது. டாட் எஸ்பிஐ என்று சொந்த நீட்டிப்பே வைத்திருந்த பாரத ஸ்டேட் வங்கிக்கும் இந்த உத்தரவு பொருந்தியது. உங்கள் வங்கியின் முகவரி எப்படி முடிகிறது என்று இன்றே பாருங்கள்.

படி 7: உங்கள் பெயரில் வேறொருவர் கடை விரித்தால்

முதலில் சான்று: திரைப்பிடிப்பு, முழு முகவரி, தேதி, நேரம். எதிராளிக்குக் கோபமாக மின்னஞ்சல் போட்டால் தளத்தை மாற்றிவிடுவார். அதற்கு முன்பே எடுத்துவையுங்கள்.

1. ஏமாற்றுத் தளம் என்றால் ஆர்டாப் விவரத்திலுள்ள 'அப்யூஸ்' முகவரிக்கு எழுதுங்கள். 2024 ஏப்ரல் 5 முதல் நடப்பிலுள்ள ஒப்பந்தத் திருத்தப்படி, சான்றோடு வரும் ஃபிஷிங், மால்வேர் புகார்களில் ரிஜிஸ்ட்ராரும் ரிஜிஸ்ட்ரியும் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும்.
2. அவர்கள் அசையாவிட்டால் ஐகானின் ஒப்பந்த இணக்கப் பிரிவில் புகார் செய்யுங்கள். நாட்டுக் குறியீடுகளுக்கு இந்தக் கதவு இல்லை.
3. யாராவது பணம் இழந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.
4. பெயரையே திரும்பப் பெற வேண்டுமென்றால் ஜெனரிக் நீட்டிப்புகளுக்கு யுடிஆர்பி. 1999 முதல் உள்ள இந்த முறையில், ஐந்து பெயர்வரை ஒரு நடுவரோடு விசாரிக்க, உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைபோவின் கட்டணம் 1,500 டாலர். புதிய நீட்டிப்புகளில் யுஆர்எஸ் என்ற விரைவு முறையும் உண்டு. அது பெயரை முடக்குமே தவிர உங்களுக்கு மாற்றித் தராது.
5. டாட் இன் என்றால் ஐஎன்டிஆர்பி. யுடிஆர்பியில் எதிராளி கெட்ட நோக்கத்தில் பதிவு செய்தார், கெட்ட நோக்கத்தில் பயன்படுத்தவும் செய்கிறார் என்று இரண்டையும் காட்ட வேண்டும். இங்கே ஒன்றைக் காட்டினால் போதும்.

குறிப்பு: பதிவு பெற்ற வணிகச் சின்னம் கையில் இருந்தால் இவை எல்லாமே எளிதாகும். எல்லா நீட்டிப்புகளிலும் உங்கள் பெயரை வாங்கிக் குவிப்பதைவிட, சின்னத்தைப் பதிவு செய்வது மலிவு.

விதி வகுக்கும் இடத்தில் உங்கள் குரல்

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று விட்டுவிட வேண்டாம். 2019 நவம்பரில், டாட் ஆர்க் நீட்டிப்பை நடத்தும் அமைப்பை ஈத்தோஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது. டாட் ஆர்க் வைத்திருந்த தொண்டு நிறுவனங்கள் எழுதின, கையெழுத்து வாங்கின, கூடி நின்றன. கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலும் எதிர்த்துக் கடிதம் எழுதினார். 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் அனுமதி மறுத்தது. ஐகான் தளத்தில் 'பப்ளிக் கமென்ட்' பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் நீட்டிப்பின் ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது, விலையேற்றம் உங்களை எப்படிப் பாதிக்கும் என்று நாலு வரி எழுதுங்கள்.

சொந்தமாகவே ஒரு நீட்டிப்பு?

அடுத்த சுற்றுக்கான விண்ணப்ப வாசல் திறக்கும் நாளாக 2026 ஏப்ரல் 30ஐ ஐகான் அறிவித்தது. அடிப்படைக் கட்டணம் 2,27,000 டாலர். தகுதியுள்ள லாபநோக்கற்ற அமைப்புகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் கட்டணச் சலுகைத் திட்டம் இருந்தது; அதில் சேரும் காலம் 2025இல் முடிந்துவிட்டது. விண்ணப்பத்தோடு செலவு முடியாது. 2012 சுற்றின் ஒப்பந்தத்திலேயே ஆண்டுக்கு 25,000 டாலர் நிலைக்கட்டணம் இருந்தது. சர்வர், ஆட்கள், முறைகேடு தடுப்பு எல்லாம் தனி. ஆற்றின் பெயரோ மலையின் பெயரோ வேண்டுமென்றால் டாட் அமேசானைப் படித்துவிட்டு இறங்குங்கள்: அமேசான் நிறுவனம் 2012இல் கேட்டதை பிரேசிலும் பெருவும் அங்குள்ள மக்களின் பெயரால் எதிர்த்தன. அந்த நீட்டிப்பு இணையத்தில் சேர 2020 ஆயிற்று. தலைநகரின் பெயர் என்றால் உரிய அரசின் ஒப்புதல் கடிதம் கட்டாயம். விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன் அந்தக் கடிதத்துக்கு அலையுங்கள்.